றோட்டைப் பார்த்துச் சொன்னது

பஸ் ஓட்டுகிறவன் பேசும்போது முகத்தைத் திருப்பக்கூடாது. பின்னால் பிள்ளை வீரிட்டு அழுதாலும், இரண்டு பேர் சட்டையைப் பிடித்துச் சண்டை போட்டாலும், கண் றோட்டிலேயே இருக்கவேண்டும். வாய் மட்டும் பதில் சொல்லலாம். எங்கள் மன்னாரில் இது இன்னும் கட்டாயம். பட்டினத்துக்குள் கழுதைகள். எந்தக் கழுதை எந்த நேரம் நடு றோட்டில் நின்று யோசிக்கத் தொடங்கும் என்று ஒருவருக்கும் தெரியாது. தீவைத் தாண்டி அடம்பன் பக்கம் போனால் மாடுகள். அவை யோசிப்பதும் இல்லை, படுத்துவிடும்.

அப்படியே ஓட்டி ஓட்டி என் கழுத்து இறுகிப்போனது. பென்சன் எடுத்து வீட்டில் இருக்கத் தொடங்கிய பிறகும், யாரோடு பேசினாலும் முன்னால் பார்த்துத்தான் பேசுவேன். சாப்பாட்டு மேசையில் இருந்துகொண்டு சுவரோடு கதைப்பேன். "வீட்டுக்குள்ளயும் பஸ்தான் ஓடுறார்" என்று என் மனைவி வந்தவர் போனவருக்கெல்லாம் சொல்லிச் சிரிப்பாள். நானும் சேர்ந்து சிரிப்பேன். இந்தப் பழக்கத்தால்தான் எனக்கு இருந்த ஒரே நல்ல சிநேகிதனை இழந்தேன். எதனால் இழந்தேன் என்பதே நெடுநாள் தெரியாமல் இருந்தது.

அவர் என் பஸ்ஸின் கொண்டக்டர். எருக்கலம்பிட்டி ஆள். என்னைவிடச் சில வயது மூத்தவர் என்பதால் நான் அவரை 'நானா' என்பேன். அவர் என்னை 'றைவர்' என்பார். கடைசிவரைக்கும் அதுதான் என் பெயர். மன்னாரில் இருந்து யாழ்ப்பாணம் போகிற வண்டியில் எங்கள் இருவரையும் சோடி சேர்த்துவிட்டார்கள். இடையில் வேறு ஆட்களோடு ஓட விட்டுப் பார்த்தார்கள். ஒன்றும் சரிவரவில்லை. திரும்ப எங்களையே சேர்த்துவிட்டார்கள்.

சனம் இறங்கி வண்டி இலேசானதும், காசுப் பையைத் தோளில் தள்ளிவிட்டு என் முதுகுக்குப் பின்னால் வந்து கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்பார். பக்கத்தில் எஞ்சின் பெட்டி இரையும். அந்த இரைச்சலுக்கு மேலால்தான் எங்கள் கதை எல்லாம். அவருடைய பெண்பிள்ளைகளின் கல்யாணப் பேச்சு, என் மகனின் பள்ளிக்கூடச் சோதனை, டிப்போவில் யார் யாருக்குக் கோள் மூட்டினது, எல்லாவற்றையும் வெள்ளாங்குளம் தாண்டுவதற்குள் பேசி முடித்துவிடுவோம். என் மனைவி எனக்குச் சாப்பாடு கட்டும்போது அவருக்கும் சேர்த்துக் கட்டுவாள். புட்டும் மீன்குழம்பும் என்றால் நானாவுக்கு உயிர். "வீட்டுக்காரிக்குச் சொல்லுங்கோ, இண்டைக்குப் புளி கொஞ்சம் தூக்கல்" என்று குறையும் சொல்வார், வழித்தும் சாப்பிடுவார்.

நோன்பு மாதத்தில் பின்னேரம் திரும்பி வரும்போது, நோன்பு திறக்கிற நேரத்துக்குச் சரியாக இலுப்பைக்கடவைத் தேத்தண்ணிக் கடையில் வண்டியை நிற்பாட்டுவேன். நேரம் பிந்துகிறது என்று யாராவது முறுமுறுத்தால், "எஞ்சின் கொதிச்சுப் போச்சு, ஆறவேணும்" என்று சொல்லி இறங்கிப்போய் முன்மூடியைத் திறந்து வைத்துக்கொண்டு நிற்பேன். அவர் பேரீச்சம்பழத்தை வாயில் போட்டுத் தண்ணீர் குடித்து முடித்ததும் எஞ்சின் ஆறிவிடும். தினமும் அதே கடைக்கு முன்னால் எப்படிக் கொதிக்கிறது என்று பயணிகள் ஒருவரும் கேட்டதில்லை. அவர்களுக்கும் தெரியும்.

கடைசி வருடங்களில் அவர் நிற்கிற விதம் மாறியது. சற்று நிமிர்ந்து, முன்கண்ணாடிக்கு மேலே இருக்கிற உட்கண்ணாடியையே பார்த்தபடி நிற்பார். "என்ன நானா, இந்த வயசில மாப்பிள்ளை அழகு பாக்கிறீங்களோ?" என்று பகிடி பண்ணுவேன். "பேரன் பிறக்கப்போகுதெல்லோ, கோலம் சரியா இருக்கவேணும்" என்பார். அவருடைய குரலும் பெரிதாகிக்கொண்டு வந்தது. பஸ்ஸில் கத்திக் கத்தி வந்த பழக்கம் என்று நினைத்தேன்.

அவர் முதலில் ஓய்வு பெற்றார், அடுத்த வருடம் நான். டிப்போவில் மாலை போட்டார்கள், கேக் வெட்டினார்கள், "நாங்கள் எல்லாரும் ஒரு குடும்பம்" என்று பேசினார்கள். பேசியவரே அடுத்த மாதம் சந்தையில் என்னைக் கண்டு, "இப்ப எந்த வண்டி ஓடுறீங்கள்?" என்று கேட்டார். பஸ்களுக்கு நேரசூசி எழுதுகிறவர் இரண்டு நத்தார்ப் பண்டிகைக்குத் தொலைபேசி எடுத்தார், பிறகு இல்லை. மெக்கானிக் ஒருவர் எங்கே கண்டாலும், "ஒரு நாளைக்கு வீட்ட வாறன்" என்பார். நானும், "ஓம், ஒரு நாளைக்கு வாங்கோ" என்பேன். அந்த ஒரு நாள் எந்தக் கலண்டரிலும் இல்லை. அவர்களை மட்டும் குறை சொல்லக்கூடாது, நானும் ஒருத்தர் வீட்டுக்கும் போகவில்லை. வண்டி ஓடும்வரைக்கும் எல்லாரும் ஒரே வண்டியில் இருந்தோம், இறங்கிய பிறகு அவரவர் பாட்டில் நடந்துவிட்டோம்.

நானா மட்டும் வந்தார். சனிக்கிழமைகளில் அஸர் தொழுகை முடித்துவிட்டுச் சைக்கிளில் எங்கள் ஊர் தோட்டவெளிக்கு வருவார். எங்கள் வீட்டு விறாந்தையில் இரண்டு கதிரைகள், இரண்டும் றோட்டைப் பார்த்தபடி பக்கத்தில் பக்கத்தில். றோட்டுக்கு முதுகு காட்டி இருக்க என்னால் முடியாது. மனைவி பால் விடாத பிளேன்ரி கொண்டுவந்து வைப்பாள். நான் றோட்டைப் பார்த்துக்கொண்டு கதைப்பேன். அவர், "ஓம், ஓம்" என்பார்.

முதலில் அது போதுமாக இருந்தது. போகப் போக எனக்கு எரிச்சல் வந்தது. நான் என்ன சொன்னாலும், "ஓம், ஓம், நல்லது." கேள்வி கேட்டால் ஒரு சிரிப்பு. தன்பாட்டில் தொடங்கினால் நன்றாகக் கதைப்பார். நான் தொடங்கினால் ஓம். மனைவி தேத்தண்ணிக் கோப்பை எடுக்க வந்து முன்னால் நின்று ஏதாவது கேட்டால் மனிதர் முகம் மலர்ந்து கலகலவென்று பதில் சொல்வார். அதைப் பார்க்க எனக்கு உள்ளுக்குள் கோபமாகக்கூட இருக்கும். அவர் போனபிறகு, "மனுசன் பென்சன் எடுக்கேக்க வாயையும் டிப்போவில குடுத்திட்டு வந்திட்டார்" என்று மனைவியிடம் சொன்னேன்.

"நீங்கள் அந்தாளின்ர முகத்தைப் பாத்துக் கதையுங்கோவன்" என்றாள் அவள்.

"முகத்தில என்ன எழுதியோ கிடக்கு?" என்று கேட்டேன். அவள் கோப்பைகளை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள்.

அதற்கு அடுத்த வருடம் அவளுக்கு வருத்தம் வந்தது. மன்னார் ஆஸ்பத்திரியில் பார்த்துவிட்டு, கொழும்புக்குக் கொண்டுபோங்கள் என்றார்கள். டாக்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, புற்றுநோய், முற்றிவிட்டது என்றார். நான் வெளியில் வந்து அவளிடம் பாதியைத்தான் சொன்னேன். மகன் வெளிநாட்டில். இந்தச் செய்தியைத் தொலைபேசியில் அவனுக்குச் சொல்ல எனக்குத் துணிவு வரவில்லை. யாரிடமாவது சொல்லாவிட்டால் நெஞ்சு வெடித்துவிடும் போல இருந்தது. யாரிடம் என்று நான் யோசிக்கவே இல்லை, சனிக்கிழமை வரட்டும் என்று காத்திருந்தேன்.

சனிக்கிழமை நானா வந்தார். அவள் மாதா கோயிலுக்குப் போயிருந்தாள். நானே தேத்தண்ணி ஊற்றிக் கொண்டுவந்து வைத்தேன். ஒருவருடைய முகத்தைப் பார்த்து அதைச் சொல்ல என்னால் முடியாது. றோட்டைப் பார்த்துச் சொன்னேன்.

"நானா, மனுசிக்குப் புற்றுநோயாம். முத்திட்டுதாம். எனக்கு என்ன செய்யிறதெண்டு தெரியேல்லை."

சொல்லிவிட்டு அவர் கை என் தோளில் விழும் என்று பார்த்துக்கொண்டிருந்தேன். மீன் ஏற்றிக்கொண்டு ஒரு லொறி போனது. அவர் தேத்தண்ணியைக் குடித்து முடித்துக் கோப்பையைக் கீழே வைத்தார்.

"ஓம், ஓம். நல்லது, நல்லது" என்றார். பிறகு எழுந்து, "மஃரிப் தொழுகைக்கு நேரமாகுது. வாறன் றைவர்" என்று சைக்கிளை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

எனக்கு அழுகை வரவில்லை, ஆத்திரம் வந்தது. இத்தனை வருடம் என் முதுகுக்குப் பின்னால் நின்றது ஒரு மனிதனா என்று நினைத்தேன். அந்தக் கோப்பையைக் கழுவவும் எனக்கு மனம் வரவில்லை.

அதன் பிறகு கொழும்புக்கும் மன்னாருக்குமாக அலைந்தோம். அவர் வந்த சனிக்கிழமைகளில் வீடு பூட்டிக் கிடந்திருக்கும். நான் ஒன்றும் அறிவிக்கவில்லை. அதுதான் சொல்லிவிட்டேனே, இன்னும் என்ன மேளம் அடித்தா சொல்வது என்று இருந்தேன். ஆஸ்பத்திரிக் கட்டிலில் இருந்துகொண்டு அவள் ஒருநாள், "நானாவுக்குச் சொன்னீங்களோ?" என்று கேட்டாள்.

"சொன்னனான்."

"என்ன சொன்னவர்?"

"ஒண்டும் சொல்லேல்லை."

"பாவம், கவலையில வாயடைச்சுப் போயிருப்பார்" என்றாள். அவள் எப்போதும் அவருக்காகத்தான் பேசுவாள்.

அவள் போய்விட்டாள். செத்தவீட்டுக்கு நானா வந்தார். சேட்டின் பொத்தான்கூடச் சரியாகப் போடவில்லை. வாசலிலேயே அழுதுகொண்டு வந்து என் இரண்டு கைகளையும் பிடித்தார். "றைவர், எனக்கு ஒரு வார்த்தை சொல்லேல்லையே! ஊர்ச்சனம் சொல்லித்தானே எனக்குத் தெரியும்!" என்று, இருந்த அத்தனை பேரும் திரும்பிப் பார்க்கும்படி கத்தினார்.

எனக்கு உச்சந்தலை பற்றி எரிந்தது. என் வாயால் சொன்னேன், பக்கத்தில் இருந்து சொன்னேன், இப்போது இத்தனை பேருக்கு முன்னால் சொல்லவே இல்லை என்கிறாரே. நான் கையை இழுத்துக்கொண்டு மற்றப் பக்கம் திரும்பிவிட்டேன்.  அவர் பிறகு சனத்தோடு சனமாக, அவளைப் புதைத்த சேமக்காலைவரைக்கும் நடந்து வந்தார் என்று ஆட்கள் சொன்னார்கள். நான் பார்க்கவில்லை.

முப்பத்தோராம் நாள் நினைவுக்கும் வந்தார். நான் அறையை விட்டு வெளியில் வரவில்லை. அதோடு சனிக்கிழமைகள் நின்றன. விறாந்தையில் இருந்த ஒரு கதிரையை எடுத்து உள்ளே போட்டேன். மன்னார்ப் பட்டினத்தில் எங்கேயாவது தூரத்தில் கண்டால் அவர் கையைத் தூக்குவார். நான் றோட்டைப் பார்ப்பேன். அதற்கு எனக்கு யாரும் பழக்கத் தேவையில்லை. அவரும் கை தூக்குவதை விட்டுவிட்டார்.

வருடங்கள் போயின. தனியாக இருக்கிற வீட்டில் கோபம் ஒரு துணை. நானும் அதை நன்றாகத்தான் பேணி வைத்திருந்தேன்.

போன மாரிக்கு, பிரஷர் குளிசை எடுக்க ஆஸ்பத்திரி மருந்து வரிசையில் நின்றேன். "அங்கிள்" என்று ஒரு பெண் கூப்பிட்டாள். நானாவின் மூத்த மகள். பேசாமல் நின்றிருப்பேன், ஆனால் அவள் பிள்ளையையும் இடுப்பில் வைத்துக்கொண்டு அவ்வளவு அன்போடு வந்து நின்றாள். வாப்பா எப்படி என்று கேட்டேன்.

"இருக்கிறார் அங்கிள். காதுக்கு மெஷின் எடுத்துக் குடுத்தம், போடமாட்டன் எண்டு ஒரே பிடிவாதம். போட்டாலும் பெரிசாக் கேக்காதாம்."

"காதுக்கோ? எப்ப இருந்து?"

அவள் என்னை ஒரு மாதிரிப் பார்த்தாள். "பஸ்ஸில நிக்கேக்கயே ஒரு காது போயிட்டுது. பென்சன் எடுக்கேக்க மற்றதும் இல்லை. ஆக்களின்ர வாயைப் பாத்துத்தான் விளங்குவார். டிப்போவுக்குத் தெரிஞ்சா வீட்ட அனுப்பிப்போடுவினம் எண்டு மறைச்சவர். பிறகு வெக்கத்தில மறைச்சவர். உங்களுக்குத் தெரியும் எண்டெல்லோ நாங்கள் நினைச்சது?"

நான் ஏதோ சொல்லித் தலையாட்டினேன். குளிசையை வாங்கிக்கொண்டு பஸ்ஸில் ஏறினேன். றைவருக்குப் பின் வரிசையில் இடம் கிடைத்தது. இருந்தபடி நிமிர்ந்தபோது உட்கண்ணாடியில் அந்த றைவருடைய முகம் தெரிந்தது. யாரோடோ கதைத்துக்கொண்டு ஓட்டினான், வாய் அசைவது தெளிவாகத் தெரிந்தது. நானா மாப்பிள்ளை அழகு பார்க்கவில்லை. என் வாயைப் பார்த்திருக்கிறார். அந்தக் கண்ணாடி இருந்தவரைக்கும் நாங்கள் நன்றாகக் கதைத்தோம். என் வீட்டு விறாந்தையில் கண்ணாடி இல்லை.

அன்று வீட்டுக்கு வந்தபோது, என்மேல் வந்த கோபத்தைவிட அவர்மேல் வந்த கோபம்தான் அதிகம். ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே மனிதர். 'றைவர், எனக்குக் காது கேக்கேல்லை, இஞ்சால திரும்புங்கோ' என்று சொல்ல என்ன வெட்கம்? பிறகு யோசித்தேன். அவர் எப்படிச் சொல்வார்? வாரா வாரம் சைக்கிள் மிதித்து வந்து, முகத்தையே திருப்பாத ஒருவனுக்குப் பக்கத்தில் இருந்துவிட்டுப் போனவர். என் மனைவி முகத்தைப் பார்த்துக் கதைக்கச் சொன்னாளே. அவளுக்குத் தெரிந்திருந்ததா, அல்லது அது வெறும் மரியாதைக்குச் சொன்னதா, இனி யாரிடம் கேட்பது?

போய் மன்னிப்புக் கேட்பது என்று முடிவெடுத்தேன். செத்தவீட்டில் கையை இழுத்ததற்கு மட்டும். அந்தச் சனிக்கிழமையைப் பற்றி வாயே திறப்பதில்லை. அப்படி ஒரு செய்திக்குத் தான் 'நல்லது' என்று சொன்னது அவருக்குத் தெரிந்து என்ன ஆகப்போகிறது? கேட்டால், சொல்ல மனம் வரவில்லை என்று சொல்லிவிடலாம் என்று வழிநெடுக அதையே நினைத்துக்கொண்டு எருக்கலம்பிட்டிக்குப் போனேன்.

"றைவர்!" என்று தெருமுழுக்கக் கேட்கக் கூப்பிட்டார். மெலிந்துவிட்டார், தாடி முழுக்க வெள்ளை. மகள் கதிரை கொண்டுவந்து அவருக்குப் பக்கத்தில் போட்டாள். நான் அதைத் தூக்கி அவருக்கு நேர் எதிரே வைத்து, றோட்டுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு இருந்தேன். அவருடைய இடது புருவத்தில் ஒரு பழைய தழும்பு இருக்கிறது. எனக்கு அது அன்றுதான் தெரியும். அவர் என் கண்ணைப் பார்க்கவில்லை, வாயைப் பார்த்தார்.

காது விஷயம் தெரியும் என்றேன். சிறு பிள்ளை பிடிபட்டது போலச் சிரித்தார். செத்தவீட்டில் நடந்ததற்கு மன்னிப்புக் கேட்டேன். கையை வீசி அதைத் தள்ளிவிட்டார். டிப்போ ஆட்களைப் பற்றிக் கேட்டார், மெதுவாக, வாயைத் திறந்து திறந்து சொன்னேன். எல்லாம் விளங்கியது. எனக்குச் சந்தோஷமாகக்கூட இருந்தது. தேத்தண்ணி குடித்தோம்.

"ஒண்டு கேக்கவேணும் றைவர். கோவிக்காதையுங்கோ" என்றார். "அவ சுகமில்லாமல் கிடந்ததை எனக்கு ஏன் சொல்லேல்லை? அவவின்ர கையால எத்தினை நாள் சாப்பிட்டனான். தெரிஞ்சிருந்தா ஒருக்கா வந்து பாத்திருப்பன், துஆ செய்திருப்பன். என்னைப் பிறத்தி ஆளா நினைச்சிட்டீங்களோ எண்டுதான் இத்தினை வருஷமும் எனக்கு."

தயாராக வைத்திருந்த பொய்யைச் சொல்ல வாயைத் திறந்தேன். அவர் கதிரை நுனிக்கு வந்து, ஒரு எழுத்தும் தவறக்கூடாது என்று என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார். அந்தப் பொய்யைச் சொன்னால் அவர் நினைத்ததுதான் சரி என்று ஆகிவிடும், அவர் பிறத்தி ஆள்தான் என்று.

"சொன்னனான் நானா" என்றேன்.

"என்ன?"

"சொன்னனான். முதல் முதல் உங்களுக்குத்தான் சொன்னனான். எங்கட விறாந்தையில, உங்களுக்குப் பக்கத்தில இருந்து. றோட்டைப் பாத்துச் சொன்னனான்."

 அவர் மிகச் சிறிய குரலில், அவருடைய குரல் அவ்வளவு சிறிதாகி நான் கேட்டதே இல்லை, "நான் என்ன சொன்னனான்?" என்று கேட்டார்.

நான் வாயை மூடிக்கொண்டேன். மூடிய வாயையும் அவர் பார்த்தார்.

"நல்லதெண்டு சொன்னனானோ?"

 அவர் இரண்டு கைகளாலும் முகத்தைப் பொத்திக்கொண்டு குனிந்துவிட்டார். தோள் குலுங்கியது.

"நானா, உங்களில ஒரு பிழையும் இல்லை. நான்தான் உங்கட பக்கம் திரும்பேல்லை. அவவும் உங்களைக் குறையா நினைக்கேல்லை, நானா" என்று சொல்லத் தொடங்கினேன். அடுக்களையில் நின்ற மகள் அதைக் கேட்டு வெளியில் வந்தாள். கேட்க வேண்டியவர் குனிந்தபடியே இருந்தார். முழங்காலைத் தொட்டேன், நிமிரவில்லை. நான் சொல்வதை நிறுத்திவிட்டு, கதிரையை அவருக்குக் கிட்ட இழுத்துப் போட்டு, அவர் கையை எடுக்கும்போது முதலில் தெரிகிற இடத்தில் என் முகத்தை வைத்துக்கொண்டு இருந்தேன்.